வி.ஏ. உதவித்தொகையும் விமானி மெடிக்கலும்: ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டுமா?

அமெரிக்காவில் விமானம் ஓட்டுபவர்கள் மெடிக்கல் சர்டிபிகேட்டுக்காக நிரப்பும் விண்ணப்பத்தின் எண் 8500-8. அதில் 18ஆம் கேள்வி ஒரு நீளமான பட்டியல். அடிக்கடி தலைவலி வந்ததுண்டா, மயங்கி விழுந்ததுண்டா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகக் கல் உண்டா என்று ஏ, பி, சி வரிசையில் இறங்கிக்கொண்டே போகும். அதன் அடியில் 18-ஒய் என்று ஒரு கட்டம்: உடல்நலப் பாதிப்புக்காக உதவித்தொகை. ஆம் அல்லது இல்லை.

படையில் இருந்து வந்தவர்களின் கை இந்த இடத்தில்தான் தயங்கி நிற்கிறது. ஒரு பக்கம் முன்னாள் படைவீரர் நலத்துறை, அதாவது வி.ஏ., மாதாமாதம் அனுப்பும் பணம். மறுபக்கம் விமானப் போக்குவரத்து நிர்வாகம், அதாவது எஃப்.ஏ.ஏ., கொடுக்கும் மெடிக்கல். ‘ஆம்’ என்று போட்டால் விமானம் போச்சு என்று பயந்து ‘இல்லை’ போட்டவர்கள் உண்டு. அதே பயத்தில் உரிமையுள்ள உதவித்தொகையைக் கேட்காமலே விட்டவர்களும் உண்டு. இரண்டு பேருமே தப்புக் கணக்குப் போட்டவர்கள் என்பது என் கருத்து. இந்த வழிகாட்டி அமெரிக்கப் படையில் பணியாற்றி, விமானம் ஓட்டுகிற அல்லது ஓட்டப் போகிறவர்களுக்கு. அதில் நம்மவர்களும் இருக்கிறார்கள். மொழித்திறனுக்காக வெளிநாட்டவரைப் படையில் சேர்த்த மவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது.

முதலில் ஒரு விஷயம்: இரண்டு துறைகளும் கேட்பது வேறு வேறு கேள்வி

வி.ஏ. கேட்பது: படைப்பணி உங்கள் உடலை எவ்வளவு பாதித்திருக்கிறது, அதனால் சம்பாதிக்கும் திறன் சராசரியாக எவ்வளவு குறையும்? அதற்குத்தான் 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக ரேட்டிங் போடுகிறார்கள்.

எஃப்.ஏ.ஏ. கேட்பது: நீங்கள் மேலே பறந்துகொண்டிருக்கும்போது இந்த நோயால் திடீரென்று செயலிழந்து போவீர்களா, புத்தி தடுமாறுமா?

அதனால் எஃப்.ஏ.ஏ. மருத்துவர் முதலில் பார்ப்பது சதவீதத்தை அல்ல, நோயின் பெயரையும் இன்றைய நிலையையும். முதுகுவலிக்கு 40 சதவீதம் வாங்கியவர் நிம்மதியாகப் பறக்கலாம். மனநலக் காரணத்துக்கு 10 சதவீதம் வாங்கியவர் மாதக்கணக்கில் தரையில் காத்திருக்க நேரலாம். “எனக்கு 70 சதவீதம், எனக்கு மெடிக்கல் கிடைக்குமா?” என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. எதற்கு 70 என்பதுதான் கேள்வி.

மறைத்தால் என்ன ஆகும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். “வி.ஏ. வேறு, எஃப்.ஏ.ஏ. வேறு, ஒருவர் கணக்கு இன்னொருவருக்குத் தெரியாது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2002இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் சமூகப் பாதுகாப்பு நிர்வாகமும் சேர்ந்து ‘ஆபரேஷன் சேஃப் பைலட்’ என்ற விசாரணையைத் தொடங்கின. வட கலிபோர்னியாவின் சுமார் 45,000 விமானிகளின் பெயர்ப் பட்டியலை, உதவித்தொகை வாங்குபவர்கள் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பெயர் இருந்தவர்கள் மாட்டினார்கள். அதில் ஒருவர் தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012இல் தீர்ப்பான எஃப்.ஏ.ஏ. எதிர் கூப்பர் வழக்கு அது. பட்டியலைப் பகிர்ந்ததால் ஏற்பட்ட மன உளைச்சலுக்கு அந்தரங்க உரிமைச் சட்டத்தின்படி அரசு பணம் தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பலர் கவனிக்காத ஒரு விவரமும் அந்த வழக்கில் உண்டு. அந்த விமானியின் லைசென்ஸ் ரத்தானது, குற்றத்தை ஒப்புக்கொண்டார், இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 1,000 டாலர் அபராதமும் கிடைத்தன. அப்புறம் உண்மையான மருத்துவ விவரங்களோடு மறுபடி விண்ணப்பித்தார். எஃப்.ஏ.ஏ. பார்த்துவிட்டு லைசென்ஸையும் மெடிக்கலையும் திரும்பக் கொடுத்தது. பல வருடம் அவர் மறைத்த அதே நோயோடுதான்.

2023இல் வி.ஏ. பக்கமே வெளிச்சம் விழுந்தது. உதவித்தொகை வாங்குவதை மெடிக்கல் விண்ணப்பத்தில் சரியாகச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சுமார் 4,800 முன்னாள் படைவீரர்களின் கோப்புகளை எஃப்.ஏ.ஏ. எடுத்துப் பார்ப்பது வெளியே தெரிந்தது. அதில் பெரும்பாலோர் பறந்துகொண்டே தங்கள் ஆவணத்தைச் சரிசெய்துகொண்டார்கள். சுமார் 60 பேரை மட்டும் பறப்பதை நிறுத்தச் சொன்னார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, அதுவும் அரசாங்கத்தின் இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில்.

சட்டம் என்ன சொல்கிறது? வேண்டுமென்றே பொய் சொன்னால் மெடிக்கல் மட்டுமல்ல, விமானி லைசென்ஸ் எல்லாமே ரத்தாகலாம். கூட்டாட்சிக் குற்றவியல் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். தெரியாமல் தவறாகச் சொன்னாலும் அந்தப் பதிலை நம்பிக் கொடுத்த மெடிக்கலைத் திரும்ப எடுக்கலாம்.

படி 1: இரண்டு பக்கத்துக் காகிதத்தையும் ஒரே மேசையில் வையுங்கள்

எதையும் விண்ணப்பிக்கும் முன் இதைச் செய்யுங்கள். வி.ஏ. பக்கம் வேண்டியவை: ரேட்டிங் தீர்ப்புக் கடிதம், எந்த நோய்க்கு எத்தனை சதவீதம் என்று காட்டும் கோட் ஷீட், வி.ஏ. மருத்துவர் உங்களைப் பரிசோதித்து எழுதிய சி அண்டு பி அறிக்கை, படையில் இருந்தபோதான சிகிச்சைப் பதிவுகள், வி.ஏ. இணையதளத்தில் ‘ப்ளூ பட்டன்’ அறிக்கையாக இறக்கக்கூடிய கிளினிக் குறிப்புகள். எஃப்.ஏ.ஏ. பக்கம்: இதுவரை நீங்கள் கொடுத்த 8500-8 விண்ணப்பங்களின் நகல். கைவசம் இல்லையென்றால் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்.ஏ.ஏ. மருத்துவச் சான்றிதழ்ப் பிரிவில் கேட்டு வாங்கலாம்.

பிறகு ஒரு முழுத்தாளில் நான்கு பத்தி கோடு போடுங்கள். நோய், வி.ஏ.விடம் என்ன சொல்லியிருக்கிறேன், எஃப்.ஏ.ஏ.விடம் என்ன சொல்லியிருக்கிறேன், இன்று என்ன மருந்து, என்ன நிலை.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். 34 வயது, ஹெலிகாப்டர் மெக்கானிக்காக இருந்து படையை விட்டு வந்தவர், ஏர்லைனில் சேர ஆசை. அவர் தாளில் நான்கு வரி விழுகிறது. காது இரைச்சல், 10 சதவீதம். முழங்கால், 10 சதவீதம். தூக்கத்தில் மூச்சுத் தடை, அதாவது ஸ்லீப் ஆப்னியா, மூச்சுப்பாதை மூடாமல் காற்றை அழுத்திச் செலுத்தும் சிபாப் மெஷின் வைத்துத் தூங்குவதால் 50 சதவீதம். நான்காவது வரியில் ரேட்டிங்கே இல்லை: படையில் இருந்தபோது கவுன்சிலர் ஒருவர் ‘மனச்சோர்வு’ என்று ஒரே ஒரு தடவை எழுதி வைத்த குறிப்பு. மருந்து கிடையாது, தொடர் சிகிச்சை கிடையாது. அவருக்கே அது மறந்துபோயிருந்தது. இந்தத் தாளைப் போடச் சொல்வதே அந்த நான்காவது வரிக்காகத்தான். பணம் வரும் நோய் ஞாபகத்தில் இருக்கும். வராதது இப்படி மறதியில் போய்விடும்.

படி 2: மூன்று குவியலாகப் பிரியுங்கள்

முதல் குவியல், எஃப்.ஏ.ஏ. பெரிதாக அலட்டிக்கொள்ளாதவை. காது இரைச்சல், தழும்பு, தட்டைப் பாதம், வலிமாத்திரைக்கு அடிமையாகாத முழங்கால், முதுகு. கேட்கும் திறன் குறைந்திருந்தாலும் அமைதியான அறையில் 6 அடி தூரத்தில் முதுகைக் காட்டி நின்று சாதாரணப் பேச்சைக் கேட்க முடிந்தால் தேர்வு முடிந்தது.

இரண்டாவது குவியல், காகிதம் கேட்பவை. ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, சிறுநீரகக் கல் போன்ற சில நோய்களுக்கு, குறிப்பிட்ட நிபந்தனைகள் பொருந்தினால் பரிசோதிக்கும் மருத்துவரே அங்கேயே மெடிக்கல் கொடுத்துவிட முடியும். ஸ்லீப் ஆப்னியாவுக்கு ஸ்பெஷல் இஷ்யூவன்ஸ் எனும் தனி அனுமதி வேண்டும். சிபாப் மெஷினின் பதிவைக் காட்ட வேண்டும்: தூங்கும் நேரங்களில் குறைந்தது 75 சதவீதத்தில், சராசரியாக 6 மணி நேரம் போட்டிருக்க வேண்டும். நம் மெக்கானிக் மெஷினை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு தூங்கினால் வி.ஏ. பணமும் வரும், மெடிக்கலும் வரும். இது அதுவா இதுவா என்கிற கேள்வியே அல்ல.

மூன்றாவது குவியல் கனமானது. பி.டி.எஸ்.டி. (கொடிய அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மன அதிர்ச்சி), மனச்சோர்வு, பதற்றம், தலைக்காயம், வலிப்பு, போதைப் பழக்கம். இவற்றிலும் எல்லாம் ஒன்றல்ல. எஃப்.ஏ.ஏ. விதியில் பெயர் சொல்லித் தகுதிநீக்கம் செய்யும் 15 நோய்களில் பைபோலார், சைக்கோசிஸ், வலிப்பு, போதைச் சார்பு இருக்கின்றன, பி.டி.எஸ்.டி. இல்லை. 2010 வரை மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர் பறக்கவே முடியாது. அந்த ஆண்டு நான்கு மருந்துகளுக்குக் கதவு திறந்தது. 2024இல், சிக்கல் இல்லாத மனச்சோர்வும் பதற்றமும் முடிந்துபோன கதையாக இருந்தால் பரிசோதிக்கும் மருத்துவரே முடிவெடுக்க வழி வந்தது. நம் மெக்கானிக்கின் பழைய ‘மனச்சோர்வு’ வரி இங்கே வரும். அவர் செய்ய வேண்டியது: பழைய குறிப்பின் நகல், இன்று அறிகுறியும் மருந்தும் இல்லை என்று மனநல நிபுணர் ஒருவர் பார்த்து எழுதிய புதுக் கடிதம். இந்த இரண்டும் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடிய வாய்ப்புண்டு.

மருந்துப் பட்டியலைத் தனியாகப் பாருங்கள். நோயை விட மருந்து தடுக்கிற நேரம் உண்டு. வி.ஏ. கிளினிக்கில் நரம்பு வலிக்கு கேபாபென்டின், தூக்கத்துக்கு ட்ரசடோன் என்று சாதாரணமாக எழுதிக் கொடுப்பார்கள். முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை, அதற்கு எழுதிய மாத்திரைக்குப் பிரச்சினை என்று ஆகலாம். விமானம் ஓட்டுபவர் என்பதை அந்த டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

படி 3: ஒரே வாக்கியத்தை இரண்டு மேசையிலும் படித்துப் பாருங்கள்

ஒற்றைத் தலைவலியை எடுத்துக்கொள்ளுங்கள். வி.ஏ. விதிப்படி அதற்குக் கிடைக்கும் அதிகபட்சம் 50 சதவீதம். அதைப் பெற, ஆளை முழுவதுமாகச் சாய்த்துப் போடும் தலைவலி மிக அடிக்கடி, நீண்ட நேரம் வந்து, பிழைப்பையே கடுமையாகக் கெடுக்க வேண்டும். இருட்டறையில் படுத்துவிடுவேன், கண்ணைத் திறக்க முடியாது என்று பரிசோதனையில் சொல்வீர்கள், அறிக்கையில் ஏறும். இப்போது அந்த அறிக்கையை எஃப்.ஏ.ஏ. மருத்துவர் படிப்பதாக நினைத்துப் பாருங்கள். தரையிறங்கும் நேரத்தில் அந்தத் தலைவலி வந்தால் என்ன செய்வீர்கள்?

இரண்டு மேசையிலும் அந்த வாக்கியம் உண்மையாக நிற்க வேண்டும். அவ்வளவு மோசமான தலைவலி உண்மையென்றால், பணம் உங்கள் உரிமை. விமானம் இப்போதைக்கு வேண்டாம். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்து மாத்திரையில் அடங்குகிறது என்றால் வி.ஏ.விடமும் அதையே சொல்லுங்கள், கிடைக்கும் ரேட்டிங் கிடைக்கட்டும். சி அண்டு பி பரிசோதனைக்கு முன்னால் “உன் ரொம்ப மோசமான நாளை மட்டும் சொல்லு” என்று சொல்லிக்கொடுக்கும் ஆலோசகர்கள் உண்டு. பறக்கிறவருக்கு அது விஷம். நல்ல நாள் எத்தனை, கெட்ட நாள் எத்தனை, கடைசியாக எப்போது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

இதன் உச்சம் டி.டி.ஐ.யூ. என்ற பிரிவு. ரேட்டிங் 100 இல்லாவிட்டாலும், இந்தப் பாதிப்பால் நிலையான வேலையே பார்க்க முடியாது என்று காட்டி 100 சதவீதத் தொகை வாங்குவது. அதை வாங்கிக்கொண்டு ஏர்லைன் வேலைக்கு முதல் வகுப்பு மெடிக்கல் கேட்டால் இரண்டில் ஒன்று பொய் என்று எவரும் சொல்வார்கள். இங்கே மட்டும் உண்மையிலேயே ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

படி 4: பணக் கணக்கு

வி.ஏ. கூட்டல் பள்ளிக்கூடக் கூட்டல் அல்ல. நம் மெக்கானிக்குக்கு 50, 10, 10. கூட்டினால் 70 என்று நினைப்போம். வி.ஏ. முதலில் 50ஐ எடுத்துவிட்டு மிச்சமுள்ள 50இல் 10 சதவீதம், அதாவது 5 சேர்க்கும், 55. மிச்சம் 45இல் 10 சதவீதம் 4.5, மொத்தம் 59.5. அது 60 ஆகிறது. குடும்பம் இல்லாத தனி ஆளுக்கு 2025 கணக்கில் 60 சதவீதத்துக்கு மாதம் 1,395.93 டாலர், 70க்கு 1,759.19, 100க்கு 3,831.30, வெறும் 10க்கு 175.51. இதற்கு வருமான வரி கிடையாது.

இந்த எண்ணைப் பறக்கும் வேலையின் சம்பளத்தோடு நேருக்கு நேர் வைக்காதீர்கள். வைக்க வேண்டியது இப்படி: இந்த நோய் எப்படியும் என் உடலில் இருக்கிறது, உதவித்தொகை வாங்காவிட்டாலும் எஃப்.ஏ.ஏ.விடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்படியிருக்க பணத்தை விடுவதால் எனக்கு என்ன லாபம்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. வாங்கும் தொகையை எழுதிக்கொடுத்துத் துறக்க வி.ஏ. விதியில் இடம் உண்டு. ஆனால் 18ஆம் கேள்வி ‘வாழ்நாளில் எப்போதாவது’ என்று கேட்கிறது. துறந்தாலும் பதில் ‘ஆம்’தான்.

ஒரு வேடிக்கை: படைவீரர்களின் படிப்புக்கு வி.ஏ. தரும் ஜி.ஐ. பில் பணத்தில் தொழில்முறை விமானப் பயிற்சி எடுக்க வேண்டுமென்றால், பயிற்சி தொடங்கும் நாளில் இரண்டாம் வகுப்பு மெடிக்கலாவது கையில் இருக்க வேண்டும் என்று வி.ஏ.வே கேட்கிறது.

படி 5: வி.ஏ. விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

படையை விட்டு வருவதற்கு 180 முதல் 90 நாள் முன்பே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. வெளியே வந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் பணம் விடுவிப்புக்கு மறுநாளில் இருந்தே கணக்காகும். அதற்குப் பிறகு என்றால் விண்ணப்பித்த தேதியில் இருந்துதான். யோசிக்க நேரம் வேண்டுமா? ‘விண்ணப்பிக்கப் போகிறேன்’ என்று அறிவிக்கும் படிவத்தை மட்டும் கொடுங்கள், ஒரு வருடத்துக்கு அந்தத் தேதி உங்களுக்காகக் காத்திருக்கும். படி 1இல் சொன்ன காகிதம் சேர்க்க அந்த வருடம் தாராளம்.

படி 6: எண்ணைக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் பேசுங்கள்

8500-8 இப்போது மெட்எக்ஸ்பிரஸ் என்ற இணையதளத்தில் நிரப்பப்படுகிறது. முடித்ததும் ஓர் எண் வரும். அது 60 நாள் செல்லும். அந்த எண்ணை எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம், அதாவது ஏ.எம்.ஈ.யிடம், கொடுத்து அவர் தன் கம்ப்யூட்டரில் திறந்துவிட்டால் அது அதிகாரபூர்வ விண்ணப்பம். அதன் பிறகு மூன்றே முடிவு: கொடுப்பார், மேலிடத்துக்கு அனுப்புவார், மறுப்பார். ‘வேண்டாம் டாக்டர், அப்புறம் வருகிறேன்’ என்று எழுந்து வர முடியாது.

அதனால் ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள். முதலில் எண் இல்லாமல் போங்கள். ஆலோசனைக்கு மட்டும் என்று சொல்லி, கட்டணம் கொடுத்து, நான்கு பத்தித் தாளையும் காகிதக் கட்டையும் மேசையில் வையுங்கள். மூன்றாவது குவியலில் ஏதாவது இருந்தால் ஹிம்ஸ் என்ற, போதைப் பழக்கமும் மனநலமும் சார்ந்த கோப்புகளுக்கான தனிப் பயிற்சி பெற்ற ஏ.எம்.ஈ.யைத் தேடுங்கள், மனநலக் கோப்புகள் அவர்களுக்குப் பழக்கம். என்ன குறைகிறது என்று அவர் சொல்வார். அதைச் சேர்த்த பிறகு எண்ணோடு போங்கள்.

சும்மா ஆசைக்குப் பறப்பவர்கள் இந்தப் படியை இரண்டு தடவை படிக்கவும். 2006 ஜூலை 14க்குப் பிறகு எப்போதாவது மெடிக்கல் வைத்திருந்தால் பேசிக்மெட் என்ற வழியில், சாதாரண டாக்டரிடம் நான்கு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இணையப் பாடமும் முடித்துச் சிறிய விமானம் ஓட்டலாம். ஸ்போர்ட் பைலட்டுக்கு டிரைவிங் லைசென்ஸ் போதும். ஆனால் கடைசியாகக் கேட்ட மெடிக்கல் மறுக்கப்பட்டிருந்தால் இரண்டு கதவும் மூடிக்கொள்ளும். தேவையில்லாத முதல் வகுப்புக்கு விண்ணப்பித்து மறுப்பு வாங்கி, இருந்ததையும் தொலைக்காதீர்கள். எந்த வழியில் பறந்தாலும், உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் தானே ஒதுங்க வேண்டும் என்ற விதி பொது.

படி 7: படிவத்தில் எழுதுவது

18-ஒய் கட்டத்தில் ‘ஆம்’. எந்தத் துறை கொடுத்தாலும், எவ்வளவு சின்னத் தொகையானாலும் சொல்ல வேண்டும். கீழே விளக்கத்தில் நீட்டி முழக்க வேண்டாம். ‘வி.ஏ. பாதிப்பு உதவித்தொகை, மொத்தம் 60 சதவீதம். ஸ்லீப் ஆப்னியா 50, சிபாப் பயன்படுத்துகிறேன். காது இரைச்சல் 10, சிகிச்சை இல்லை. வலது முழங்கால் 10, மருந்து இல்லை, அசைவில் தடை இல்லை.’ இவ்வளவு போதும். ஒவ்வொரு நோயையும் அதற்குரிய கட்டத்திலும் ‘ஆம்’ என்று குறியுங்கள். பணம் வராத 0 சதவீதத்தையும் நானாக இருந்தால் எழுதிவிடுவேன்.

மருத்துவக் காரணத்துக்காகப் படையில் இருந்து விடுவிக்கப்பட்டிருந்தால் அதற்கு 18-ஆர் தனியாக இருக்கிறது. 19ஆம் கேள்வி கடந்த 3 வருடத்தில் பார்த்த டாக்டர்களைக் கேட்கிறது. வி.ஏ. அனுப்பிய சி அண்டு பி பரிசோதனையும் ஒரு டாக்டர் சந்திப்புதான். பலர் விட்டுவிடும் வரி அது.

ஏற்கெனவே ‘இல்லை’ என்று போட்டுவிட்டவர்களுக்கு

பதறி எஃப்.ஏ.ஏ.வுக்கு போன் போடாதீர்கள். ஏ.எம்.ஈ.யிடமும் மனம் திறந்து கொட்டாதீர்கள். அவர் உங்கள் வக்கீல் இல்லை, எஃப்.ஏ.ஏ.வின் சார்பில் உட்கார்ந்திருப்பவர். முதல் அழைப்பு விமானச் சட்டம் தெரிந்த வழக்கறிஞருக்கு. அவர் சொல்லும் வரை பறக்காமல் இருங்கள். எஃப்.ஏ.ஏ.வில் இருந்து விசாரணைக் கடிதம் வந்துவிட்டால் உறையைப் பிரிக்காமல் மூலையில் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தப்பு. லைசென்ஸை ரத்து செய்யும் உத்தரவை எதிர்த்துத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தில் மேல்முறையீடு செய்ய 20 நாள்தான். அவசர உத்தரவு என்றால் 10.

அதன் பிறகு

மெடிக்கல் கைக்கு வந்ததும், கொடுத்த விண்ணப்பத்தின் நகலையும் இணைத்த ஒவ்வொரு காகிதத்தையும் ஒரே கோப்பில் போடுங்கள். நடுவில் வி.ஏ. ரேட்டிங் கூடலாம். 2022இன் பாக்ட் சட்டத்துக்குப் பிறகு, படைமுகாம் குப்பைக் குழிப் புகையால் வந்த ஆஸ்துமா, சைனஸ் என்று புதிதாக விண்ணப்பித்தவர்கள் ஏராளம். புது ரேட்டிங் கடிதம் வந்த அன்றே அந்தக் கோப்பில் ஒரு வரி சேருங்கள். மெக்கானிக்குக்கு வயது 34, முதல் வகுப்பு மெடிக்கல் 12 மாதம் செல்லும். 40 ஆனதும் 6 மாதம்தான். அடுத்த தடவை மெட்எக்ஸ்பிரஸ் திறக்கும்போது ஞாபகத்தில் இருந்து எழுதாதீர்கள், போன தடவை நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.